குரலைத் தாழ்த்திச் சொன்ன கதை

இன்று பள்ளியில் கதை எழுதும் போட்டி. தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது மழை விட்டிருந்தது. சன்னல் வழியாக ஈரச் சுண்ணாம்பும் சுக்கும் கலந்த வாசனை வந்தது. கொச்சியின் மட்டாஞ்சேரியில் எந்தக் கிடங்கைக் கடந்தாலும் வருகிற வாசனைதான். எனக்கு மட்டும் அது நம் குழாயடியின் வாசனை, உன்னுடைய கடைசி மாலையின் வாசனை. பேனாவைத் திறக்காமலே வெகுநேரம் இருந்தேன்.

நீ கதையை முதலில் வாயால்தான் எழுதுவாய். யூதர் தெருவான ஜூ டவுன் வழியாகப் பள்ளிக்கு நடக்கும்போது எனக்குச் சொல்லிப் பார்ப்பாய். "நீ எங்க 'பின்னே?'ன்னு கேக்கலையோ, அது செத்த இடம்டி. அதை எழுத மாட்டேன்." நான் உனக்காகக் கேட்டுவைத்தாலும் கண்டுபிடித்துவிடுவாய். எனக்கும் எழுத ஆசை என்றபோது நீ சிரிக்கவில்லை. தொட்டுப் பார்க்காத இடத்தைப் பற்றி எழுதாதே என்றாய். பயம் வருகிற இடத்தில் கத்தாமல் குரலைத் தாழ்த்து, கேட்கிறவர்கள் தாங்களே பக்கத்தில் வருவார்கள் என்றாய். நம் இருவருக்கும் ஒரே வயது. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரிந்தது என்று இன்னும் வியக்கிறேன்.

குழாய்க்குப் பின்னால் நின்ற பழைய சுக்குக் கிடங்கின் சுவர்தான் உனக்குக் கதை கொடுத்தது. மாலையில் தண்ணீர் வரும்வரை நம் லைன் வீடுகளின் பெண்கள் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு அதன் நிழலில் நிற்பார்கள். சுவருக்குள் ஒருத்தி மூச்சுவிடுகிறாள் என்று நீ அங்கேதான் சொன்னாய். பிள்ளைகள் தூங்காமல் அழுதன, உன் அம்மா உன்னை அடித்தார். வீடுகளில் கேபிள் டிவி வந்த பிறகும் உன் கதைக்குக் கூட்டம் குறையவில்லை. காது கேட்காத செல்லம்மாக்காகூட மற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்.

ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கியதும் நீ தினமும் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாய். "செவுரு வயிறு தள்ளுதுடி. நேத்து இப்படி இல்ல." நானும் கை வைத்தேன். மாட்டின் விலாவைப் போல ஈரமாகப் புடைத்திருந்தது. இடுக்கிலிருந்து மணல் உதிர்ந்தது. கிடங்குப் பூனை அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டிருந்தது.

"அக்கா, குடத்தை அந்தாண்ட மாத்தி வைங்க. செவுரு விழுந்துரும்," என்று குழாயடியில் சொன்னாய்.

"ரெண்டாம் பாகமா?" என்றார் தங்கமக்கா.

"கதை இல்லக்கா. சத்தியமா."

"போன தடவையும் இதே மொகத்தைத்தான் வெச்சிருந்தே. வயிறு தள்ளுதுன்னா உள்ள இருக்கிறவளுக்கு மாசம் எத்தனைடி?"

எல்லாரும் சிரித்தார்கள். கிடங்குக் காவல்காரச் சேட்டனிடம் போனோம். "மோளே, இது பண்டத்தெ மதிலாணு. வீழில்லா," என்றார். பழைய காலத்துச் சுவர், விழாதாம். அதைச் சொல்லும்போதும் அவர் சுவரைத் தொடவில்லை.

"எனக்குக் கதையா இல்லாம பேசத் தெரியலையாடி?" என்று திரும்பும் வழியில் கேட்டாய். 

மறுநாள் மாலை தண்ணீர் வரத் தாமதமானது. மணல் கோடாக ஒழுகிக் குடங்களின் மேல் விழும் சத்தம் கேட்டது. நீ யாரையும் எச்சரிக்கவில்லை. சுவருக்குள் இருப்பவள் இன்று கதவைத் தேடுகிறாள் என்று தொடங்கினாய். சொல்லிக்கொண்டே சுவரைவிட்டுப் பின்னோக்கி நடந்தாய். நடக்க நடக்கக் குரலைத் தாழ்த்தினாய்.

"கேக்கலடி, சத்தமா சொல்லு," என்று தங்கமக்கா நெருங்கினார். நீ இன்னும் தாழ்த்தினாய். குடங்களை அப்படியே விட்டுவிட்டுப் பெண்களும் பிள்ளைகளும் எதிர்ச்சாரி சாயாக்கடை வரைக்கும் வந்துவிட்டார்கள். அவளுக்குக் கதவு கிடைத்தது, அதில் கையை வைத்தாள் என்றாய்.

"பின்னே?" என்றேன்.

உன் கண் என்னைத் தாண்டிப் போனது. செல்லம்மாக்கா மட்டும் குழாயடியில் நின்றிருந்தார். தாழ்ந்த குரல் அவரை எப்படி அழைத்து வரும்?

"இரு, வர்றேன்," என்று ஓடினாய். அவர் கையைப் பிடித்து இழுத்தாய். அவர் விளையாட்டு என்று உதறினார். நீ பலம் கொண்டமட்டும் தள்ளினாய். அவர் சாக்கடையோரம் போய் விழுந்தார். சுவர் அடக்கிவைத்த மூச்சை விட்டதுபோல உட்கார்ந்தது. சுண்ணாம்புப் புழுதி அடங்கியபோது குழாயும் தெரியவில்லை, நீயும் தெரியவில்லை.

இப்போது குழாய் சந்தின் மறுமுனையில் இருக்கிறது. செல்லம்மாக்கா காலைச் சாய்த்து நடக்கிறார். ஒருநாள் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். "அன்னைக்கு அவ என்ன சொன்னா? எல்லாரும் போனீங்களே." உதடு தெரியும்படி மெல்லச் சொன்னேன். கதவில் கை வைத்த இடத்தில் நிறுத்தினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னே?"

போட்டித் தாளிலும் அதுவரைக்கும்தான் எழுதிக் கொடுத்தேன். வெளியே வரும்முன் வகுப்பறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இப்போதெல்லாம் எந்தச் சுவரையும் தொடாமல் என்னால் போக முடிவதில்லை. சன்னலுக்குக் கீழே, போன வாரம் தட்டையாக இருந்த இடம், இன்று என் கைக்குள் லேசாகப் புடைத்திருந்தது. நாளை டீச்சரிடம் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.