சைக்கிள் என்று காட்டிய பத்து நிமிடம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை, ஆஸ்பத்திரி முத்திரை குத்திய ஏழு காகிதங்கள் கையில் இருக்கின்றன, வேண்டுமானால் நகல் எடுத்து அனுப்புகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று உனக்குத் தோன்றும். இந்த வீட்டில் உன்னிடமிருந்து போன் வந்தால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், அடுப்படியில் நின்றாலும் மொட்டை மாடியில் துணி காயப்போட்டாலும் அவள் காதுக்குத் தப்பி ஒரு வார்த்தை போகாது. குடும்பக் குழுவில் எழுதலாமென்றால் உன் மாமா என்ன ஏதென்று படிக்காமலேயே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான். ஆகவே பேனாவை எடுத்தேன். பொறுமையாகக் கடைசி வரை படி பாப்பா, பாதியில் மடித்து வைத்துவிட்டு ஓட்டப் பயிற்சிக்குக் கிளம்பிவிடாதே.

முதலில் நீ அனுப்பிய வாட்சைப் பற்றி. புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு பழையதை அப்பா தலையில் கட்டினாய், சந்தோஷம். பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்தேன், ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு பென்சில், ஒரு ட்ரிப் ஷீட், இவ்வளவுதான் என் ஆயுதங்கள். அந்தச் சுவர்க் கடிகாரம் ஒரு நாளும் என்னைப் பார்த்து நீ சரியாகத் தூங்கவில்லை என்று சொன்னதில்லை. இது சொல்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தால் எழுந்து நட என்று கையைப் பிடித்து உதறுகிறது. ஜிபிஎஸ் என்று வேறு, வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிடம் விசாரித்து நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கே சொல்லுமாம். பெரும்பாலும் நான் வாசல்படியில்தான் நிற்கிறேன், அதைச் சொல்ல வானம் வரைக்கும் போக வேண்டுமா என்று கேட்டால் நீ சிரிக்கிறாய். சரி, அனுப்பியதோடு விட்டாயா. நீ அங்கே நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி, பதக்கம் வாங்கிக் குவிப்பது போதாதென்று நம் ஊர் ஏரிக்கரையில் அதே போட்டி நடக்கிறது, தனியாக முடியாவிட்டால் மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று நீயே கண்டுபிடித்து நீயே பெயரும் கொடுத்துவிட்டாய். நகராட்சி நீச்சல் குளத்தில் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் அம்மாவுக்கு முக்கால் கிலோமீட்டர் நீச்சல். தொப்பை இருக்கிறதே, எங்காவது கரைய வேண்டாமா என்பதால் எனக்கு இருபது கிலோமீட்டர் சைக்கிள். பூட்டுக்கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போன உன் மாமாவுக்கு ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். அணிக்கு அவன் வைத்த பெயரை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

போட்டிக்கு முன்னால் எல்லோரையும் கூட்டி வைத்து விதிமுறை சொன்னார்கள். ஒலிபெருக்கி பாதியை விழுங்கிவிட்டு மீதியைத் துப்பியது. குழுவாக வந்தவர்கள் கணுக்காலில் கட்டியிருக்கும் பட்டையைக் கழற்றி அடுத்தவருக்குக் கட்ட வேண்டும், அதற்குள் இருக்கும் சில்லுதான் நேரம் குறிக்கும் என்பது அவர்கள் சொன்னது. எங்கள் மூவர் காதிலும் விழுந்தது, கட்டியிருக்கிறதைக் கழற்றி அடுத்தவருக்குக் கட்டணும் என்பது மட்டும். உன் மாமா உடனே சட்டம் பேசினான், வாட்சும் கட்டியிருக்கிறதுதானே, அதையும் மாத்தணும், இல்லன்னா ஆட்டத்திலேருந்து தூக்கிடுவாங்க என்று. நானும் தலையாட்டினேன். மொத்த ஏரிக்கரையிலும் கணுக்கால் பட்டையோடு கைக்கடிகாரத்தையும் சேர்த்துக் கைமாற்றிய ஒரே குடும்பம் நம் குடும்பம்தான். பக்கத்துக் குழுவினர் எங்களைப் பார்த்த பார்வைக்கு அர்த்தம் அன்று புரியவில்லை, இப்போது புரிகிறது. அந்த வாட்சில் நீ சொல்லிக்கொடுத்தபடி, ஒருமுறை அழுத்தினால் நீச்சல் முடிந்து சைக்கிள் கணக்கு ஆரம்பிக்கும், இன்னொருமுறை அழுத்தினால் சைக்கிள் முடிந்து ஓட்டம். அம்மா தண்ணீரிலிருந்து வந்தாள், வெளிறிப் போயிருந்தாள், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டதற்குக் கூட்டம் என்றாள். பட்டையைக் கட்டினேன், வாட்சைக் கட்டினேன், கிளம்பினேன். போன அவசரத்தில் பொத்தானை அழுத்த மறந்துவிட்டேன். பாதி வழியில் நினைவு வந்து பார்த்தால் சைக்கிள் என்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. மிதிவண்டி மேல் உட்கார்ந்ததையே தெரிந்துகொண்டுவிட்டதே, என்ன அறிவு என்று மெச்சிக்கொண்டே மிதித்தேன். கடைசியிலிருந்து நான்காவதாக வந்தோம். அம்மா கைதட்டினாள், உட்கார்ந்துகொண்டே.

அன்று மாலையே நீ போன் செய்தாய். வாட்சில் பதிந்ததெல்லாம் உன் போனில் வந்துவிட்டதாம், சைக்கிள் பகுதியில் நாலாவது நிமிஷத்திலிருந்து பதினாலாவது நிமிஷம் வரை துடிப்பு நூற்றுத் தொண்ணூறுக்கு மேல் போய் அப்படியே நின்றிருக்கிறது, இது சாதாரணம் இல்லப்பா, உடனே டாக்டரைப் பாருங்க என்று அழாத குறை. நான் எவ்வளவோ சொன்னேன். ஏரியிலிருந்து கிளம்பும் சாலை நல்ல சரிவு, முதல் கால் மணி நேரம் நான் மிதிக்கவே இல்லை, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு காற்று வாங்கினேன் என்று. யார் கேட்டார்கள். டாக்டர் என் தொப்பையைப் பார்த்தார், உன் போனில் இருந்து வந்த படத்தைப் பார்த்தார், திருடனின் வாக்குமூலத்தைக் கேட்கிற மாதிரி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அப்புறம் என்ன, நெஞ்சில் வயர் ஒட்டினார்கள், ட்ரெட்மில்லில் ஏற்றி ஓட விட்டார்கள், ஒரு சின்னப் பெட்டியை இடுப்பில் கட்டி அதோடு இரண்டு நாள் குடும்பம் நடத்தச் சொன்னார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லை என்றால் விட வேண்டியதுதானே, எதற்கும் இருக்கட்டும் என்று உப்பைக் குறைத்தார்கள், காபியை நிறுத்தினார்கள். உன் மாமா ஒரு படி மேலே போய்க் கடையிலிருந்தே பெரிய பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் சைக்கிளைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போய்விட்டான். உன் அம்மா ஒவ்வொரு பரிசோதனைக்கும் கூடவே வந்தாள், ஆஸ்பத்திரிப் படியில் பாதியில் நின்று, உங்களுக்காகத்தான் நிக்கறேன், மெதுவா ஏறுங்க என்றாள். நானும் நம்பினேன்.

ஐந்து வாரம் கழித்துப் போட்டிக்காரர்கள் சான்றிதழ் அனுப்பினார்கள். பங்கேற்றதற்காம், வந்ததற்கெல்லாம் சான்றிதழ். அதில் அந்தச் சில்லு குறித்த நேரம் அச்சாகியிருந்தது. டிப்போ புத்தி எங்கே போகும், இரண்டு கடிகாரம் ஒரே வண்டிக்கு நேரம் காட்டினால் ஒத்துப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. மத்தியானம் சாப்பாட்டு மேசையில், நீ அனுப்பிய வாட்ச் கணக்கு இருந்த போனையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சான்றிதழ் சொல்கிறது, நீச்சல் முப்பத்தொரு நிமிடம். வாட்ச் சொல்கிறது, நீச்சல் ஒன்பது நிமிடம். இருபத்திரண்டு நிமிடத்தை யார் விழுங்கினார்கள் என்று வரைபடத்தைத் திறந்தேன். நான் சைக்கிளில் போன பாதை ஏரிக்கு நடுவில் ஆரம்பிக்கிறது. தண்ணீர் மேல் சைக்கிள் விட்டிருக்கிறேன் பாப்பா, பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தேன், உன் மாமாவுக்குக் காட்டிக் கேலி பண்ண வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கூட்டத்தில் யார் கையோ பட்டு, ஒன்பதாவது நிமிடத்திலேயே தண்ணீருக்குள் பொத்தான் அழுந்தியிருக்கிறது, வாட்ச் சைக்கிளுக்கு மாறிவிட்டது, நான் அழுத்தாமலே அது சைக்கிள் காட்டிய ரகசியம் இதுதான். சிரித்துக்கொண்டே நீ சொன்ன நாலாவது நிமிஷத்தைத் தேடினேன். அது தண்ணீரில் இருந்தது. பதினாலாவது நிமிஷத்தைத் தேடினேன். அதுவும் தண்ணீரில். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது அந்த வாட்ச் என் கையில் இல்லை. நான் கரையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன். அது உன் அம்மாவின் துடிப்பு.

இந்த மாதிரி வாட்சும் விற்கிற சைக்கிள் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன், தண்ணீரில் இந்த வாட்செல்லாம் துடிப்பைத் தப்பாகக் காட்டுவதுண்டு என்றார். இத்தனை நாள் அதைத் திட்டித் தீர்த்தவன், இந்த ஒரு தடவை அது பொய் சொல்லியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மனசு கேட்காமல் ஏரிக்குப் போய் அன்றைக்குக் காவல் படகில் இருந்தவரைப் பிடித்தேன். அவருக்கு நினைவிருந்தது. நீலத் தொப்பி போட்ட அம்மாதானே சார், படகு விளிம்பைப் பிடிச்சிட்டு பத்து நிமிஷம் அப்படியே இருந்தாங்க, ஏத்தி விடட்டுமான்னு கேட்டேன், வேணாம், என் வீட்டுக்காரர் கரையில காத்திட்டிருக்கார், நான் போகலன்னா அவர் கிளம்ப முடியாதுன்னாங்க என்றார். நான் கிளம்பி என்ன கிழிக்கப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியாதா. வீட்டுக்கு வந்து வரைபடத்தை அவள் முன்னால் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்ப உங்களுக்கு ஒண்ணும் இல்ல, அது போதும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய் அன்றைக்கே எனக்குக் காபி போட்டாள். டாக்டரிடம் போகலாம் என்றால் லீவு வகுப்பில் நாற்பது பிள்ளைகள், அது முடியட்டும் என்றாள். கெஞ்சினேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தேன், அவளுக்கு அது ஓய்வாக இருந்ததே தவிர வேறு பலன் இல்லை. கடைசியில் பொய்தான் சொன்னேன். என் பரிசோதனையை மறுபடி எடுக்கணுமாம், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றேன். மறுபேச்சில்லாமல் செருப்பை மாட்டினாள். அங்கே அவள் பெயரைத்தான் பதிந்து வைத்திருந்தேன். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள், முப்பத்து நாலு வருஷத்தில் அப்படி ஒரு முறை பார்த்ததில்லை. திட்டுவாள் என்று தலையைக் குனிந்தேன். திட்டவில்லை, எழுந்து உள்ளே போனாள். அவள் எழுந்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது, யாராவது பிடித்துத் தள்ளமாட்டார்களா என்றுதான் இத்தனை நாள் இருந்திருக்கிறாள்.

எனக்குக் கட்டிய அதே பெட்டியை அவளுக்கும் கட்டினார்கள். இரண்டாம் நாள் மாடிப்படி ஏறும்போதே அந்தத் துடிப்பு அகப்பட்டுவிட்டது. இதயத்துக்குள் ஓடும் மின்சாரம் ஒரு குறுக்கு வழியில் புகுந்து சுற்றிச் சுற்றி வருகிறதாம், தொடையிலிருந்து மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே செலுத்தி அந்த வழியைச் சுட்டு அடைத்துவிடுவார்களாம். இந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி காலை. இன்று மூன்றாம் தேதி. டாக்டர் சின்ன விஷயம் என்கிறார், தண்ணீருக்குள் மயக்கம் வந்திருந்தால்தான் பெரிய விஷயம் என்கிறார், அதுவரைக்கும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்கிறார். உன் அம்மா இப்போது குளத்தங்கரையில் காய்ந்த உடையோடு நின்று விசில் ஊதுகிறாள். நேற்று மதியச் சாப்பாடு கொடுக்கப் போனபோது பார்த்தேன், ஒரு பிள்ளைக்குக் கை வீசத் தெரியவில்லை, இறங்கிப் பிடித்துக் காட்ட முடியாமல் விளிம்பில் உட்கார்ந்து காற்றிலே கை வீசிக் காட்டிக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம். முடியவில்லை பாப்பா. கேலி பண்ணிக்கொண்டே வந்தால்தான் இந்த இடம் வரைக்கும் வர முடிந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்மேல் குற்றம் சொல்கிறேன் என்று நினைக்காதே. சைக்கிள் என்று போட்டிருந்ததை நீ நம்பினாய், நாங்களும்தான் நம்பினோம். நீ அந்த வாட்சை அனுப்பாமல் இருந்திருந்தால் அவள் இன்னும் தண்ணீரில்தான் இருந்திருப்பாள், அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன், அடிக்கடி எதிர்பார்க்காதே. நீயும் ஒருமுறை நெஞ்சைக் காட்டிப் பார்த்துக்கொள், உன் அம்மாவின் மகள்தானே. மறக்காமல் செய். எல்லா வளமும் பெற்று நீ நீண்ட காலம் நன்றாக இரு, என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, அம்மாவுடையதும் உண்டு, ஆனால் இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது. உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறாள். சொன்னா அவ வேலையப் போட்டுட்டு ஓடி வந்துடுவா என்றாள்.

அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா