பின்னால் வருகிறவர்

அன்பானவனே,

நீ ஸ்வோல நகரத்துக்குக் குடிபோன பிறகு நேற்றுதான் சைக்கிளை வெளியே எடுத்தேன். ஹீதர் புதர்கள் பூத்து, காட்டுக்கு அப்பால் தரையெல்லாம் ஊதாவாகக் கிடக்கிறது. நம் பழைய வழியிலேயே கல்லறைப் பாறைகள் வரை போனேன்.

அங்கே ஆட்டுக்காரர் ரூலோஃப் மந்தையோடு நின்றிருந்தார்.

"எங்கம்மா உங்க ஆளு?"

"பின்னாடி வர்றாரு" என்று சொல்லிவிட்டேன். வாயில் அதுதான் வந்தது.

சொன்ன பிறகு உடனே கிளம்ப முடியுமா? ஐயாயிரம் வருஷத்துப் பாறை ஒன்றில் உட்கார்ந்தேன். சீஸ் ரொட்டியில் பாதிதான் சாப்பிட்டேன். திருப்பத்தில் சைக்கிள் மணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலை தானாக நிமிர்ந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து மந்தை திரும்பியது.

"இன்னுமா வரல? பஞ்சராயிருக்கும். அந்த மனுஷன் வாயத் தொறந்து யாரையும் கூப்பிட மாட்டாரு. நீங்கதான் எதிர்ல போய்ப் பாக்கணும்" என்றார் ரூலோஃப்.

சனிக்கிழமை பத்து மணி ரயிலில் சைக்கிளோடு வருகிறேன். நீ இப்போது இருக்கும் அவள் வீட்டுப் பக்கம் வர மாட்டேன். நிலையத்து வாசலில் நிற்பேன். எதையும் பேச வேண்டாம். ஆற்றங்கரைப் பாதையில் ஒரே ஒரு நாள் என்னோடு ஓட்டு.

இன்னும்
உன் மனைவி