செல்லாயியும் விரதம்

9.12.1979
காலையிலிருந்து மழை. ஹைவான் ஆபீஸ், அதான் கால்நடை இலாகா, மாட்டு டாக்டர் துரைசிங்கம் ஐயா வந்தார். எங்கள் பசு செல்லாயியின் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, "புல்லும் தேங்காய்ப் புண்ணாக்கும் மட்டும் காணாது பிள்ளை. புரதம் வேணும். இந்த மீன் தூளைக் கொஞ்சம் கலந்து வையுங்கோ, பால் கூடும்" என்று ஒரு மூட்டை இறக்கிவிட்டுப் போனார். மூக்கைப் பிடித்துக்கொண்டு கலந்தேன். அவள் முகத்தைத் திருப்பினாள். அப்புறம் தொட்டியை நக்கித் தீர்த்தாள்.

15.12.1979
பால் ஏறுது. இவருக்கு வாயெல்லாம் பல். இவர் என்றால் — டைரியில் பேர் எழுதினால் புருஷனுக்கு ஆயுசு குறையாது — பத்துமலை. எழுதிட்டேன். போன மாசம் இதே மனுசன்தான், "சரியாப் பால் கறக்காத மாட்டை வச்சி என்ன பண்றது? பாகான் டத்தோவுக்கு அண்ணன்கிட்ட அனுப்பிடலாம், தென்னந்தோப்புல மேயட்டும்" என்றார். தாயில்லாத கன்றாக வந்தவளைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் நான். கொடுப்பேனா?

17.12.1979
தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்திருக்கிறார். சொந்த மாட்டுப் பால்தான் ஊற்றவேண்டுமாம். இன்றிலிருந்து வீட்டில் சைவம். மீன் சட்டியைப் பரணில் ஏற்றினேன். இவர் அதோடு விட்டிருக்கலாம். கொட்டகைக்குப் போய் மீன் தூள் மூட்டையைத் தூக்கி, பக்கத்து வீட்டு அப்பாவு அண்ணன் வாத்துகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

"மாட்டுக்கு எதுக்குங்க விரதம்?"

"மீன் தின்ன மாட்டுப் பாலை முருகனுக்கு ஊத்தச் சொல்றியா?"

செல்லாயிக்குக் காப்புக் கட்டாததுதான் பாக்கி.

2.1.1980
பால் இறங்கிப்போச்சு. அப்பாவு அண்ணன் வாத்துகள்தான் முட்டையாகப் போட்டுத் தள்ளுது.

8.1.1980
அழுகையா வருது. "குடத்துக்கே பத்தாது போல. பூசம் முடிஞ்சதும் அண்ணன் லோரி கொண்டு வாராரு" என்கிறார். தீனியைப் பிடுங்கினது யாரு? கேட்டா கோவம் வரும், விரதக்காரரு கோவப்பட்டா பாவமாம். என்ன வசதி பாரு. செல்லாயி கழுத்தைக் கட்டிக்கிட்டு நின்னேன். அது என் முந்தானையைச் சப்பிக்கிட்டு நிக்குது. அதுக்கு என்ன தெரியும்.

9.1.1980
பஸ் ஏறி ஈப்போவுக்குப் போய்த் துரைசிங்கம் ஐயாவிடம் சொன்னேன். சிரிப்பை அடக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாடும் விரதமோ? அப்ப சைவப் புரதம் குடுங்கோ. சோயாப் பால்கட்டி, அந்தத் தவ்ஹு செய்யிற இடத்தில சோயாச் சக்கை கிடைக்கும். புளிக்க விடாம அன்றன்றைக்கே வையுங்கோ."

வரும் வழியில் தவ்ஹு கடை ஆ மோய் அக்காவிடம் ஒரு வாளி வாங்கினேன். இன்னும் சூடு ஆறவில்லை. "லெம்பு பூன் புவாசா?" — மாடும் நோன்பான்னு அவளும் கேட்டுட்டா. ஊரே சிரிக்கட்டும்.

20.1.1980
மீன் தூளுக்கு ஏறினதைவிட ஏறுது. இவர் கொட்டகை வாசலில் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். முருகன் கொடுத்ததாம். இருக்கட்டும். வாளி சுமந்து காய்த்தது என் கைதானே.

5.2.1980
பூசத்தன்று குனோங் சீரோ கோயிலில் குடம் தளும்பத் தளும்ப எடுத்தார். நன்றாகவே நடந்தது. இன்று காலை இவர் அண்ணன், என் மூத்தார், லோரியோடு வந்துவிட்டார். செல்லாயி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, இது விரதம் இருந்த மாடு. குடுக்கிறதுக்கு இல்ல லா" என்றார் இவர்.

மூத்தார் கொண்டுவந்த தேங்காயை இறக்கிவிட்டு வெறும் லோரியோடு போனார்.

மத்தியானம் மீன் சட்டி பரணிலிருந்து இறங்கியது. இரண்டாம் தரம் குழம்பு ஊற்றும்போது கேட்டேன், "செல்லாயிக்கு மறுபடி மீன் தூள் வாங்கவா?"

"சேச்சே. அது சைவமாவே இருக்கட்டும்."

"அப்ப சக்கைக்கு யாரு போறது?"

சாயந்திரம் பார்த்தால் சைக்கிளில் வாளியை மாட்டிக்கொண்டிருக்கிறார். சூடு ஆறுமுன்னே கொண்டுவரச் சொன்னேன்.