ஞானமுத்துவின் யானைக்காதுச் செடி

என் செல்ல மச்சான் ஞானமுத்து,

உன் யானைக்காதுச் செடி புது இலை விட்டுவிட்டது! இலையா அது? விரித்தால் மதுரை பஸ்ஸுக்கே கூரை போடலாம். நான் அஞ்சாம் வகுப்பு வாசலோடு திரும்பியவன், உனக்குத் தெரியாதா? நம் நெசவாளர் சங்க மலரில் உன்னைப் பற்றி எழுதச் சொன்னார்கள். உன்னைப் பற்றி என்ன, உனக்கே எழுதிவிடுகிறேன் என்றேன்.

குற்றாலத்திலிருந்து பெரணிச் செடியையும் யானைக்காதையும் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தாயே! எட்டுக் குடும்பம் நெய்கிற தறிக்கூடத்தில், மேற்கு ஜன்னலோரம் வைத்தாய். ஜன்னலில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டாய். "மழைக்காட்டுப் பிள்ளைங்க இதுக, நம்மூரு காத்து பட்டாப் பொசுங்கிரும்" என்றாய். கண்ணை மூடுமுன் கேட்டதும் ஒன்றுதான்: "செடியச் சாகவிட்டுராதலே." கையடித்துக் கொடுத்தேன். அந்த வாக்கை நானே கெடுக்க இருந்தேன் என்றால் நம்புவாயா?

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி மிச்சம் இருந்தது. நூலுக்கே தெம்பு தருகிற கஞ்சி செடிக்குத் தராதா? மூன்று நாள் ஊற்றினேன். நாலாம் நாள் எறும்பு! நம்மூர் எறும்பு மட்டுமா, காரியாபட்டி எறும்பும் பஸ் ஏறி வந்திருந்தது. தொட்டியிலிருந்து கிளம்பி பாவெல்லாம் ஊர்ந்தது. தறிக்குழிக்குள் கால்விட்ட சுப்பையா அண்ணன் ஆடிய ஆட்டத்துக்கு மேளம்தான் குறை.

"ஏலே சீனி, இது தறிக்கூடமா, தோப்பா? அமாவாசைக்குத் தறி நிறுத்துவோம்ல, அன்னைக்கே எல்லாத்தையும் தூக்கி வெளிய வச்சிரு!"

கூடத்தின் மூத்தவர் அவர். மற்றவர்களும் அவர் பக்கம். வைத்தேன். வேப்பமரத்தடியில்தான் வைத்தேன். சாக்கையும் அவிழ்த்துவிட்டார்கள். மறுநாள் மத்தியானத்துக்குள் பெரணி அப்பளமாக நொறுங்கியது. பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை மச்சான், வேர்வை கண் வழியாக வந்தது.

அந்த நேரம் உள்ளே என்ன நடந்தது தெரியுமா? திறந்த ஜன்னலில் மேல்காற்று நேரே பாய்ந்து, நூல் ஈரம் காய்ந்து பட் பட்டென்று அறுந்தது. அண்ணன் ஒரு முழம் நெய்வதற்குள் ஆயிரம் முடிச்சுப் போட்டார். டிரான்சிஸ்டர் பாடியது, கேட்பாரில்லை. உன் தறியில் இப்போது உட்கார்ந்து நெய்கிற உன் மகள் ரோசிதான் வாயைத் திறந்தாள்.

"பெரியப்பா, அந்த ஈரச்சாக்கு கெடந்தப்ப நூலு இப்பிடியா அந்துச்சு?"

அண்ணன் தறியை நிறுத்தினார். எழுந்து வெளியே வந்தார். யானைக்காதுத் தொட்டியைத் தானே தோளில் தூக்கினார்.

"சாக்க நனைச்சுக் கட்டுலே. செடிக்குத் தண்ணி நான் ஊத்துறேன். கஞ்சி ஊத்துன ஒன் கையத்தான் மொதல்ல கட்டிப் போடணும்."

"அண்ணே, இப்பிடி ஆகும்னு தெரிஞ்சுதான நான் வெளியவே வச்சேன்!"

ரோசி சிரித்த சிரிப்பு பந்தல்குடி வரை கேட்டிருக்கும். அப்படியே உன் சிரிப்பு. கேட்டதா உனக்கு?

பெரணியில் பாதி போய்விட்டது. மறைக்க மாட்டேன். மீதியின் நடுவே பச்சையாக ஒரு சுருள் எட்டிப் பார்க்கிறது. இப்போது ஆளாளுக்கு வந்து தடவிப் பார்க்கிறார்கள்.

உன் கல்லறையில் ஒரு கன்று வைக்க ஆசைப்பட்டேன். அங்கே பொட்டு நிழல் இல்லை. கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் பூ வைப்பார்கள். நான் யானைக்காது இலை ஒன்று கொண்டு வாரேன். பஸ்ஸை மூடாது மச்சான், அது சும்மா சொன்னது. உன் பெயர் வெட்டிய கல்லை மூடும். அது நிஜம்.

இப்படிக்கு,
உன் ரோசிக்கும் உன் செடிகளுக்கும் ஒரே மாமன்,
சீனிச்சாமி