பிர்ச் மரங்கள் விழிக்கவில்லை

மேல்நிலையம், வெண்பரல் கிரகம்
பதிவர்: அமலோற்பவம், மரவியல்

குளிர்கால நாள் 171, காலை 8.10
வெளியே மைனஸ் 31. காற்று வீசவில்லை. வழக்கம்போல் மரத்துக்கு ஒரு சுள்ளி வெட்டிச் சர்க்கரை பார்த்தேன். ஆப்பிள் நன்று. ரோஜாப் புதர் நன்று. வெள்ளைப் பட்டை பிர்ச் மிக நன்று.

இந்தக் கிரகத்துக்கென்று மரம் கிடையாது. இவை பூமியிலிருந்து விதையாக வந்தவை. இலை உதிரும் காலத்தில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி வைத்துக்கொள்கின்றன. உள்ளே உறையாமல் காப்பதும் அதுதான், வசந்தம் வரை சோறும் அதுதான். இந்தக் குளிரைத் தாண்டிவிட்டால் கீழ்முகாமில் தோப்பு போடலாம்.

மனிதக் குரல் வானொலியில் மட்டும்.

நாள் 176, பகல் 1.00
மேற்கிலிருந்து சூடான காற்று. பிளஸ் 6. கூரை சொட்டுகிறது. கையுறை இல்லாமல் வேலை செய்தேன். காரணமில்லாமல் சிரிப்பு வந்தது.

நாள் 179, காலை 9.30
ஆப்பிள் மொட்டுகள் பருத்திருக்கின்றன. சர்க்கரை பாதியாகிவிட்டது. வசந்தம் வந்துவிட்டதென்று நம்பிச் செலவழிக்கிறது. மறுபடி குளிர்ந்தால் தாங்காது. பிர்ச் மட்டும் அசையவில்லை. அதற்கு வெப்பம் போதாது, பகலும் நீள வேண்டும்.

கீழ்முகாம் ஓட்டுநர் சூசை அழைத்தான்: “அக்கா, பாதை தெளிஞ்சிருச்சு. நானும் டாக்டரம்மாவும் வாரோம். எத்தன மாசமா ஒத்தையில கெடக்கிய.”

“இந்தச் சூட்ட நம்பாத, சூசை. மரமே ஏமாந்து நிக்கி.”

“சாயங்காலத்துக்குள்ள வந்துருவோம்க்கா. கொழம்பு வச்சு எடுத்தாரோம்.”

இன்னொரு முறை தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. மூன்று தட்டுகளைக் கழுவி வைத்தேன்.

பிற்பகல் 3.20
காற்று வடக்கே திரும்பிவிட்டது. மைனஸ் 14. பனி கொட்டுகிறது. ஆப்பிள் மொட்டுகள் கண்ணாடிபோல் உறைந்துவிட்டன. தொட்டால் நொறுங்குகின்றன.

மாலை 4.45
சூசை: “வண்டி பள்ளத்துல எறங்கிருச்சுக்கா. நடந்து வாரோம். ஒரே வெள்ளையா இருக்கு. எந்தப் பக்கம்னே தெரியல.”

நிலையத்து விளக்கு இந்தப் பனியில் வாசலைத் தாண்டவில்லை.

மாலை 5.10
பிர்ச் பட்டையில் எண்ணெய் உண்டு. ஈரத்திலும் பற்றும். ஓரத்து மரத்தில் தீ வைத்தேன். உச்சிவரை ஏறியது.

டாக்டர் பேச்சியம்மாள்: “செவப்பா என்னமோ தெரியுது, அமலா. அணையாமப் பாத்துக்கோ. சூசைக்குக் கால் மரத்துப்போச்சு. தாங்கிப் பிடிச்சுக் கூட்டியாரேன்.”

ஒன்று அணைய அணைய அடுத்ததில் வைக்கிறேன். பிழைத்திருந்தவை இவைதான். யோசிக்க நேரமில்லை. யோசித்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்.

மாலை 6.35
கடைசி மரம். வானொலியில் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன்.

மாலை 6.50
எரிந்து முடிந்தது. டார்ச், கயிறு எடுத்துக்கொண்டேன். விரல் மடங்கவில்லை, எழுத்து கோணுகிறது. அவர்களைத் தேடிச் சரிவில் இறங்குகிறேன்.

வந்து சேர்பவர்களுக்கு: கதவு பூட்டவில்லை. அடுப்பில் கஞ்சி இருக்கிறது. முதலில் குடியுங்கள். பிறகு வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், குரலைப் பிடித்துத் திரும்பி வருவேன். பதில் வராவிட்டாலும் கூப்பிட்டுக்கொண்டே…