பதினேழாம் நம்பர்

என் எறும்புக்கு,

பாட்டி எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பன், உன் அம்மா மூவரும் சுகம். நீ சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய். அதனால் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தது யார் என்று இதற்குள் பார்த்திருப்பாய். உன் வகுப்பு ஒல்லிதான். (அவனை இன்னும் ஒல்லி என்று கூப்பிடுவது அநியாயம். நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தான், நாற்காலியும் கூடவே எழுந்துவிட்டது.) அவனிடம் முகத்தைத் திருப்பாதே. அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை, நான்தான் கெஞ்சி அனுப்புகிறேன். சாயங்காலம் நீ இருக்கிற ஊருக்கு பஸ் ஏறுவதற்குமுன் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். காலையிலிருந்து உட்காருகிறேன், எழுந்திருக்கிறேன், வாசல்வரை போகிறேன், திரும்பி வந்து பேனாவைத் தேடுகிறேன். பேனா கையிலேயே இருக்கிறது. இதற்கு நடுவில் அடுப்பில் பால் பொங்கி வழிந்து, உன் அம்மாவிடம் பாட்டும் வாங்கியாயிற்று.

உன் போன் இரண்டு வாரமாக அணைந்தே கிடக்கிறது. டவர் கிடைக்கவில்லை என்கிறான் உன் அப்பன். அவ்வளவு பெரிய ஊரில் டவர் இல்லையாம், நம் சந்தில் இருக்கிறதாம். பகலெல்லாம் கடையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் கட்டிக்கொண்டே இடது கையால் உன் நம்பரைப் போடுகிறான், வைக்கிறான். கேட்கிற வாடிக்கைக்காரரிடம், பொண்ணு மீட்டிங்கில் இருப்பாள் என்கிறான். உன் அம்மா ஒன்றும் சொல்வதில்லை. அவள் பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். ஒல்லி உன்னை எங்கே பார்த்தான் என்று என்னிடம் சொல்லிவிட்டான். உன் அப்பன், அம்மாவுக்குத் தெரியாது. தெரியாமல்தான் இருக்கும், நீயாகச் சொல்கிறவரை.

நடந்ததை வரிசையாக எழுதினால்தான் என் மனசு ஒரு இடத்தில் நிற்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வகுப்பு கூடியது. நீ ஒரு தடவைகூட வராததால் அது எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியாது. வருஷா வருஷம் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும் நீங்கள் உட்கார்ந்த அதே அறையில், அதே பெஞ்சில், எல்லோரும் வந்து உட்கார வேண்டும். கணக்கு டீச்சரம்மா பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து நம்பர் நம்பராகக் கூப்பிடுவார். இப்போது வக்கீலாக இருந்தாலும் சரி, கறிக்கடை வைத்திருந்தாலும் சரி, எழுந்து ‘உள்ளேன் டீச்சர்’ சொல்லி, தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார வேண்டும். வர முடியாதவர்களுக்கு வீட்டிலிருந்து ஒருவர் வந்து சொல்லலாம். ஆனால் யாராவது சொல்லியே ஆகவேண்டும். ஒரு நம்பரைக் கூப்பிட்டுவிட்டால், சத்தம் வருகிறவரை டீச்சரம்மா அடுத்த நம்பருக்குப் போகவே மாட்டார். மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்துக்கொண்டு அப்படியே நிற்பார். உனக்குத் தெரியாதா அவரை.

முதல் வருஷம் உன் அப்பனுக்குக் கடை, உன் அம்மாவுக்குக் காய்ச்சல். நான் போனேன். அஞ்சாவதோடு நின்றவள், ஒரு பரீட்சையும் எழுதாமல் பன்னிரண்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன்! அதற்கப்புறம் அந்த இடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. உன் வகுப்புப் பசங்களுக்கு நான் ‘நியூ அட்மிஷன்’. போனதுமே, “நியூ அட்மிஷன் வந்தாச்சு, ஹோம்வொர்க் காட்டுங்க பாட்டி”ன்னு ஒருத்தன். “பாட்டி, பெஞ்சு மேல ஏறி நில்லுங்க, லேட்டு”ன்னு இன்னொருத்தி. ஏறிவிடுவேன், அப்புறம் இறக்கிவிட நாலு பேர் வேண்டும், பரவாயில்லையா என்று கேட்டேன். அந்த ஒரு நாளுக்காக மாசக்கணக்கில் காத்திருப்பேன் என்று உன்னிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா?

இந்த வருஷம் “பதினேழு” என்றதும் எழுந்தேன். உள்ளேன் டீச்சர் என்றேன். என் பேத்தி இருபது மாடிக் கட்டடத்துக்கு வரைபடம் போடுகிறாள், அவளுக்குக் கீழே நாலு பேர் வேலை செய்கிறார்கள் என்றேன். போனில் நீ சொன்னது இரண்டு பேர். நான்தான் நாலாக்கினேன். எல்லோரும் கை தட்டினார்கள். வாசலில் நின்றிருந்த தலைமையாசிரியர் உள்ளே வந்து, பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு உங்கள் பேத்தி வந்து பிள்ளைகளிடம் பேச வேண்டும், அவள் படம்தானே எங்கள் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறது என்றார். உன்னைக் கேட்கவேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. வருவாள் என்று சொல்லிவிட்டேன். மறுபடி கைதட்டல். கடைசி பெஞ்சில் ஒல்லி மட்டும் தட்டவில்லை. நகத்தால் பெஞ்சைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

டீ கொடுக்கும்போது என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான். “பாட்டி, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். அவ அந்த ஆபீஸ்ல இல்ல. ஆஸ்பத்திரித் துணியெல்லாம் வெளுக்கிற பெரிய லாண்டரி ஒண்ணு இருக்கு, அங்க இருக்கா. நான் வேன்ல மூட்டை இறக்கப் போனேன், தள்ளுவண்டியத் தள்ளிக்கிட்டு எதிர்ல வர்றா. ‘ஏய் பதினேழு’ன்னு கத்திட்டேன் சந்தோஷத்துல. பாத்தா. பாத்துட்டு வண்டிய அப்படியே நடுவுல விட்டுட்டு உள்ள போயிட்டா பாட்டி”ன்னு சொன்னான்.

எனக்குத் தெரியும்டா, என்னிடம் சொல்லாமல் அவள் ஒரு அடி வைப்பாளா என்றேன். “அப்பாடா”ன்னு டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டான், பாவம். அது எப்போது நடந்தது என்று கேட்டேன். உன் போன் அணைந்த வாரம். இந்தக் கணக்குக்கு அஞ்சாவது போதும்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் நீ நினைவுக்கு வரவில்லை, சுவரில் மாட்டியிருக்கிற உன் படம்தான் வந்தது. அதற்கப்புறம் தலைமையாசிரியர் வந்தார். நீ மூன்றாவதாகத்தான் வந்தாய். வந்தவள் இன்னும் போகவில்லை. ஈரத் தரையில் வண்டி தள்ளிக்கொண்டு கண்ணுக்கு முன்னாலேயே நிற்கிறாய்.

உங்கள் வகுப்பில் இருபத்து மூன்றாம் நம்பர், அந்தக் கண்ணாடிக்காரப் பையன், பள்ளிக்கூடம் முடித்த மறு வருஷமே மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தானே, அவனுடைய அம்மாவும் வருஷம் தவறாமல் வருகிறாள். எனக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். “இருபத்து மூணு” என்றதும் எழுந்து, ‘உள்ளேன் டீச்சர்’ என்பாள். அவ்வளவுதான். சேதி ஒன்றும் சொல்லமாட்டாள். டீச்சரம்மா குறித்துக்கொள்வார், அடுத்த நம்பர் போகும்.

ஒல்லி சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. பஸ் நிறுத்தத்துக்கு இருவரும் சேர்ந்து நடந்தோம். பாதி தூரம்வரை வெயிலைப் பற்றிப் பேசினாள். அப்புறம் நின்றுவிட்டாள். “பெரியம்மா, தப்பா நினைக்காதீங்க. என் புள்ள நம்பருக்கு நான் சொல்றேன். எனக்கு வேற வழி இல்ல. உங்க புள்ளைக்குத்தான் வாய் இருக்கே. அவ நம்பருக்கு நீங்க எதுக்குச் சொல்றீங்க?”ன்னு கேட்டாள்.

எனக்கு வந்ததே கோபம்! இவள் யார் என்னைக் கேட்க என்று, வந்த பஸ் எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் ஏறிவிட்டேன். அது சந்தைப் பக்கம் போகிற பஸ். அங்கே இறங்கி, நடந்தே வீட்டுக்கு வந்தேன். வருகிற வழியெல்லாம் அவளுக்குப் பதில் தேடினேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியரிடம், அவளால் வந்து பேச முடியாது, அவளைக் கேட்காமல் நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்று சொன்னேன். சரி, வேறு ஆள் பார்க்கிறோம் என்றார். அதனால் நீ எந்த மேடையிலும் ஏற வேண்டியதில்லை, அந்தப் பயம் வேண்டாம். வெளியே வந்தவள், கணக்கு டீச்சரம்மா அறையில் விடைத்தாள் கட்டுகளோடு இருப்பதைப் பார்த்தேன். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன், நீ கோபப்பட்டாலும் சரி. நான் ஞாயிற்றுக்கிழமை சொன்ன சேதி சரியில்லை, திருத்திக்கொள்ளுங்கள் என்றேன். டீச்சரம்மா நூல் கட்டுவதை நிறுத்தவே இல்லை. “வந்தாங்களா வரலையா, அதைத்தான் நான் குறிக்கிறேன். என்ன வேலைன்னு எழுத என் பதிவேட்டுல கட்டமே இல்ல பாட்டி”ன்னார். அப்புறம், “அந்தப் பொண்ணு என் வகுப்புக்கு ஒரு நாள்கூட வராம இருந்ததில்ல”ன்னார். முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னார். நான் வந்துவிட்டேன்.

அந்த வரைபட ஆபீஸ் என்ன ஆயிற்று, நீ விட்டாயா, அவர்கள் விட்டார்களா, எனக்குத் தெரியாது. இப்போது அதைக் கேட்கவும் போவதில்லை. எனக்கு வேறு கவலைகள் இருக்கின்றன. அங்கே தரையெல்லாம் ஈரமாக இருக்குமே, வழுக்காத செருப்புப் போட்டிருக்கிறாயா? ஆஸ்பத்திரித் துணி என்கிறான், கைக்கு உறை கொடுக்கிறார்களா? ஆவி முகத்தில் அடிக்குமே. மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்கிறதா, நின்றுகொண்டேதானா? உன் கைக்குட்டையைத் துவைக்கச் சொன்னால் காத தூரம் ஓடுவாய். ஊர்த்துணியெல்லாம் உன்னைத் தேடிப் பிடித்துவிட்டதே என்று நினைத்து நேற்று தனியாகச் சிரித்தேன். உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஒல்லியிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். கைவெடிப்புக்கு உன் அப்பன் போடுகிற களிம்பு, இரண்டு ஜோடி தடிச்ச காலுறை, தலைக்குக் கட்ட ஒரு பருத்தித் துணி. காலுறையை உன் அம்மாதான் வாங்கிவந்தாள். யாருக்கு என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. உன் கால் அளவுக்குச் சரியாக இருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று நீயே யோசித்துக்கொள்.

இப்போது நான் சொல்லவந்ததைச் சொல்கிறேன். அதற்குள் வாசலில் சத்தம். ஒல்லி வந்துவிட்டான். “பாட்டி, பஸ்காரன் நம்ம சொந்தக்காரன் இல்ல, சீக்கிரம்”ன்னு கத்துகிறான். உட்காரச் சொன்னேன். நாற்காலி பாவம்.

எறும்பு, அடுத்த வருஷமும் நான் போவேன். காலும் கண்ணும் விட்டால் போவேன். அதே பெஞ்சில், இருபத்து மூன்றின் அம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்காருவேன். ஆனால் “பதினேழு” என்று கூப்பிட்டால் வாயைத் திறக்கமாட்டேன். இது சத்தியம். டீச்சரம்மா கண்ணாடிக்கு மேலே பார்த்துக்கொண்டு நிற்பார். பதினெட்டு காத்திருப்பான், பத்தொன்பது காத்திருப்பாள். இருபத்து மூன்றின் அம்மாவும் தன் பிள்ளையின் நம்பர் வருகிறவரை காத்திருப்பாள். எத்தனை நேரமானாலும் சரி. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு இனி நான் பதில் சொல்வதாக இல்லை.

அதுவரை என்னால் தாங்க முடியாது என்பதும் உனக்குத் தெரியும். பதில் கடிதம் எழுத வேண்டாம். இதைப் படித்து முடித்ததும் ஒரே ஒரு தடவை போன் போடு. நான்தான் எடுப்பேன். என்ன, ஏன், எப்படி என்று ஒரு கேள்வி கேட்கமாட்டேன். ‘பதினேழு’ என்று மட்டும் சொல்வேன். நீ சொல்ல வேண்டியது உனக்குத் தெரியும்.

எந்த வேலையில் இருந்தாலும் என் கண்ணே, நூறு வருஷம் நீ இருக்க வேண்டும்.

போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
உன் பாட்டி