நைனாவின் மேஜையில் இறங்கிய டீ

என் ஆசை நைனாவுக்கு,

உன்னை மூலக்கொத்தளம் சுடுகாட்டில் விட்டு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. எல்லோரும் நல்லா இருக்கோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரமாட்டேன் என்கிறது. அம்மா நல்லா இல்லை நைனா.

உன் மார்பிள் மேஜையால் வந்த வினைதான். ஹார்பரில் பழைய கப்பல் ஆபீஸை இடித்தபோது வாங்கிய வெள்ளைப் பலகையை, மீன்பாடி வண்டியில் ஏற்றிக் கல்மண்டபத்தில் நம்ம வீடு வரைக்கும் நீயே மிதித்து வந்தாயே, அதேதான். அம்மா அதற்குக் கொடுத்த மரியாதையை உன்னைப் பெற்றவளுக்குக்கூடக் கொடுத்ததில்லை. கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்த பிறகுதான் காய்ந்த துணியால் துடைப்பாள். முதலிலேயே காய்ந்த துணியைப் போட்டால் மண் கீறிவிடுமாம். புளிப்பு கல்லை அரித்துவிடும் என்று எலுமிச்சம்பழத்தை அந்தப் பக்கமே விடமாட்டாள்.

நீ போன அன்றைக்குக் கொட்டிய டீ கல்லுக்குள் இறங்கிவிட்டது. சாவு வீட்டில் மேஜையை யார் பார்த்தார்கள்? காரியமெல்லாம் முடிந்து பார்த்தால் பழுப்பேறிக் கிடக்கிறது. அன்றைக்கு ஆரம்பித்தாள் தேய்க்க. சோப்புத் தூள், பிறகு கம்பி நார், போன வாரம் புளி! எலுமிச்சம்பழத்தை விடாதவள், குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலப் புளியைப் போட்டுத் தேய்க்கிறாள். புளி பட்ட இடமெல்லாம் பளபளப்பு போய் வெளுத்துவிட்டது. கறை மட்டும் போகவில்லை. அவள் விரல்களில் தோல் உரிந்து, சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிடுகிறாள். ஏன் மா என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. யாரையும் திட்டுவதுகூட இல்லை. அம்மா திட்டாத வீட்டில் எப்படி நைனா இருப்பது?

இன்றைக்குக் காலையில் நான் காய்கறிப் பையோடு உள்ளே நுழைகிறேன், அவள் கையில் பாத்ரூம் ஆசிட் பாட்டில். மூடியைத் திறந்துவிட்டாள்.

"இன்னா மா பண்ற? அத்த கீழ வை!"

"நீ அப்பால போ டி."

"ஆசிட்டு மா! கல்லு அரிச்சிகினு பூடும். உன் கை வெந்துடும்."

"வேவட்டும். வெந்தாதான் எனுக்கு புத்தி வரும்."

பாட்டிலைப் பிடுங்கினேன். இழுத்த இழுப்பில் மேஜை ஓரத்தில் ஒரு சொட்டு விழுந்து, உஸ்ஸென்று நுரைத்தது. அதைப் பார்த்ததும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஈரத்துணியால் அந்த இடத்தை மாற்றி மாற்றித் துடைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் சொன்னாள்.

"அன்னிக்கு நான் அடுப்பாண்ட நின்னுகினு உங்க நைனாவ கத்துறேன். கிளாஸ வெறுங்கல்லுல வெக்காதயா, துணி மேல வையான்னு. சத்தமே இல்ல. வேணும்னே பண்றாருன்னு, காது இன்னா செவுடா, நீயெல்லாம் மனுசனான்னு இன்னும் கேவலமா திட்னேன். வந்து பாத்தா தலைய சாய்ச்சிகினு கீறாரு. செத்த மனுசன நின்னு திட்டிகினு இருந்துக்கீறேன் டி."

இத்தனை மாசம் இதை மனசில் வைத்துக்கொண்டா தேய்த்தாள்? நான் அவசர அவசரமாக ஆறுதல் சொன்னேன். "டாக்டரு இன்னா சொன்னாரு? ஒரு நொடில முடிஞ்சிருக்கும்னாரு இல்ல? நீ திட்னது எதுவும் அவரு காதுல வுழுந்தே இருக்காது மா."

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அப்போ என் கொரலு கேக்காமலே பூட்டாரா?"

கேட்டது என்றாலும் அவள் சாவாள், கேட்கவில்லை என்றாலும் சாவாள். நான் என்னத்தைச் சொல்ல?

கல் கடையில் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தேன். மெடிக்கல் ஷாப்பில் புண் கழுவ விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சோடா மாவில் குழைத்து, கறைமேல் கனமாகப் பூசிப் பிளாஸ்டிக் கவரால் மூடி ஒரு நாள் விட்டால் கறையை உறிஞ்சிவிடுமாம். எழுந்து அதைக் குழைக்கப் போனேன். பூசக் குனிந்தபோதுதான் அந்தக் கறையை முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன். வெறும் கல்லில் கிளாஸ் வைத்த வட்டம் ஒன்று. துணி விரித்திருக்குமே, அதன் ஓரத்தில் இன்னொரு அரை வட்டம். டீ கொட்டி ஓடியது அங்கிருந்துதான்.

"மா, இங்க வா. கிளாஸு மொதல்ல இங்க இருந்துகீது. அப்பறம் தூக்கி துணியாண்ட கொண்டாந்துகீறாரு. வெக்கறதுக்குள்ளதான் கவுந்துகீது. நீ சொல்லாம அவரு ஏன் மா எடுக்கணும்? திட்னதுதான் கேக்கல, மொதல்ல சொன்னது கேட்டுகீது."

அம்மா உரிந்த விரலால் இரண்டு வட்டத்தையும் மாறி மாறித் தடவினாள்.

"கறைய அப்டியே வுட்டுடவா மா?"

"இன்னாத்துக்கு? பூசு."

நான் பூசினேன். அவள் எழுந்து உன் படத்துக்கு எதிரே போய் நின்றாள். "யோவ்! கட்டிகினு வந்த நாள்லேந்து அன்னிக்குத்தான்யா நான் சொன்ன பேச்ச கேட்டுக்கீற. அதுக்குள்ள இன்னாயா உனுக்கு அவசரம்?" என்று கத்தினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள் நைனா, நீ போன பிறகு முதல் தடவையாக. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

விரல் ஆறும்வரைக்கும் மேஜையைத் துடைப்பது என் வேலை. உனக்கு இன்னொரு சத்தியமும் செய்து தருகிறேன். இனி அவள் அடுப்படியிலிருந்து என்ன கத்தினாலும், எப்படித் திட்டினாலும், நான் எந்த மூலையில் இருந்தாலும், "கேக்குது மா" என்று உரக்கக் குரல் கொடுப்பேன்.

உன் மூத்த பொண்ணு,
வசந்தி